மூன்று பட்டியல்களிலிருந்து ஒரு பட்டியலுக்கு

காரைக்கால் கதை – 19

சென்ற வாரம் காரைக்கால் துறையிலிருந்து ரீயூனியனுக்கும் மர்த்தினீக்குக்கும் கப்பலேறிப் போன கூலிகளின் கதையைப் பார்த்தோம். போனவர்கள் போக, ஊரில் இருந்தவர்கள் எப்படிப் பிரிந்து கிடந்தார்கள், பிறகு எப்படி ஒரு முடிவில் வந்து சேர்ந்தார்கள் என்பது இந்த வாரக் கதை. என்னைக் கேட்டால், இந்தத் தொடரிலேயே இன்றைய வாசகருக்கு மிகவும் வேண்டிய அத்தியாயம் இதுதான்.

1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் காலூன்றிய நாளிலிருந்து காரைக்கால் தஞ்சைச் சீமையின் வயல்களுக்கு நடுவே தனித்து நின்ற நிலம். கிழக்கே கடல்; மற்ற மூன்று பக்கமும் முதலில் மராட்டிய மன்னர் ஆட்சி, பிறகு ஆங்கிலேயர் ஆட்சி. பரப்பு இன்றைக்கும் ஏறக்குறைய 160 சதுர கிலோமீட்டர்தான். வடக்கே பூவம், மேற்கே அம்பகரத்தூர், தெற்கே வாஞ்சூர். இந்த மூன்று ஊரைத் தாண்டினால் வேறு ராஜ்யம். ஆனால் நிலமும் நீரும் அந்த எல்லைக் கோட்டை அறியாதவை. அரசலாறும் திருமலைராஜனாறும் நாட்டாறும் வாஞ்சியாறும் மேலே தஞ்சையில் பாய்ந்து, கடைமடையாகக் காரைக்காலுக்கு வந்தே கடலில் விழுந்தன.

மக்களும் அப்படித்தான். திருநள்ளாற்றுச் சனீஸ்வரனைக் கும்பிட வருகிற கூட்டத்தில் பாதிக்கு மேல் எல்லைக்கு அப்பாலிருந்து வந்தது. காரைக்கால் முஸ்லிம்கள் கந்தூரிக்கு நாகூர் போனார்கள். கத்தோலிக்கர்கள் செப்டம்பர் மாதம் வேளாங்கண்ணிக்கு நடந்தார்கள். பெண் கொடுத்ததும் எடுத்ததும் பேரளத்திலும் மாயவரத்திலும் தரங்கம்பாடியிலும்தான். எந்த மதத்துக்காரரானாலும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது எல்லையைக் கடக்காமல் வாழ முடியாத ஊர் இது.

இப்படி வெளியூரோடு ஒட்டிக் கிடந்த ஊர் உள்ளுக்குள் பல துண்டாகக் கிடந்தது. அந்தத் துண்டுகளைச் சட்டமே எழுதிப் பதிவு செய்தது என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

பிரெஞ்சிந்தியாவுக்கு வாக்குரிமை மிக முன்னதாகவே வந்தது. பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு ஓர் உறுப்பினரை அனுப்பும் உரிமை 1871-லேயே கிடைத்துவிட்டது. சென்னை மாகாணத்தில் குடியானவனுக்கு ஓட்டு என்ற பேச்சே எழாத காலம் அது. 1880-ல் கொம்யூன்கள் என்ற நகரசபைகளும் வந்தன. காரைக்கால் பகுதியில் பின்னாளில் ஆறு கொம்யூன்கள்: காரைக்கால், திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம். ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயர், ஒரு மன்றம், ஒரு மேரி, அதாவது மேயர் அலுவலகம். காகிதத்தில் பார்த்தால் பெரிய பேறு.

ஆனால் வாக்காளர் பட்டியல் ஒன்றாக இல்லை. 1884-ல் அது மூன்றாகப் பிரிக்கப்பட்டது. ஐரோப்பியர்களுக்கும் அவர்கள் வழி வந்தவர்களுக்கும் முதல் பட்டியல். தங்கள் சாதி மத வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்ட இந்தியர்களுக்கு, அதாவது ரெனோன்சான்களுக்கு, இரண்டாவது பட்டியல். மற்ற எல்லா மக்களுக்கும் மூன்றாவது. தலைக்கணக்குக்கும் இடக்கணக்குக்கும் பொருத்தமே இல்லை. ஒரு தெருவில் அடங்கிவிடக்கூடிய கூட்டத்துக்கும் வயல்காட்டுக் கிராமங்கள் அத்தனைக்கும் தனித்தனியே இடங்கள் பங்கிடப்பட்டன.

ரெனோன்சான் ஆவதென்றால் என்ன? 1881 செப்டம்பர் 21-ஆம் தேதியிட்ட ஆணை அதற்கு வழி வகுத்தது. அதிகாரியின் முன்னால் போய் நின்று, ‘என் வழக்காற்றுச் சட்டத்தை நானும் என் சந்ததியும் துறக்கிறோம்’ என்று எழுதிக்கொடுக்க வேண்டும். குடும்பத்துக்கென ஒரு பெயரைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அன்றைக்கு எழுதியவரின் பேரப்பிள்ளைகள் வரைக்கும் அந்தக் கையெழுத்து கட்டுப்படுத்தும். சாதியின் அடித்தட்டில் நசுங்கிக் கிடந்தவர்களுக்கு, குறிப்பாகக் கிறிஸ்தவத்துக்கு வந்த பிறகும் சாதியால் ஒதுக்கப்பட்டவர்களுக்கு, இது மூச்சுவிடக் கிடைத்த சந்து. இப்படித் துறந்தவர்களின் இயக்கத்துக்குத் தலைவர் புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. 1873-ல் ஐரோப்பியக் காலணி அணிந்துகொண்டு நீதிமன்றத்துக்குள் போனார் என்பதற்காக அவருக்குத் தடை விதித்தார்கள். பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்று வந்தார். பின்னாளில் லபோர்த் என்ற பெயரை ஏற்றவர் அவர்தான்.

அவருக்கு எதிர்த்தரப்பில் நாடு சண்முக வேலாயுத முதலியார். சாதி வழக்காற்றைக் காப்பதே தன் கொள்கை என்று நின்று, மூன்றாவது பட்டியலைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, பல்லாண்டுகள் பிரெஞ்சிந்திய அரசியலை ஆட்டிப் படைத்தார். தேர்தல் வந்தாலே அடிதடி என்ற கெட்ட பெயர் அந்தக் காலத்தில்தான் பிரெஞ்சிந்தியாவுக்கு ஒட்டியது. வாக்கு என்பது ஊருக்கு எது நல்லது என்று கேட்பதற்கான கருவியாக இல்லாமல், நீ எந்தப் பட்டியல், எந்தச் சாதி, எந்தத் தலைவரின் ஆள் என்று பிரிக்கிற கருவியாகவே அரை நூற்றாண்டு இருந்தது. பட்டியல்கள் பின்னர் இரண்டாகக் குறைந்தன, பிரிவு குறையவில்லை.

இதோடு இன்னொரு பிரிவும் உண்டு. சைகோன் வீடுகள். இந்தோசீனாவில் பிரெஞ்சு ராணுவத்தில், காவல் துறையில், சுங்கத்தில், அலுவலகங்களில் வேலை பார்த்துப் பணம் அனுப்பியவர்களின் குடும்பங்கள். அங்கே கடை வைத்திருந்த முஸ்லிம் வணிகர்களின் குடும்பங்கள். பிரெஞ்சுக் கொடி இறங்கினால் தங்கள் ஓய்வூதியம் என்னாகும் என்ற கவலை அவர்களுக்கு நியாயமாகவே இருந்தது. அவர்களைத் துரோகிகள் என்று அன்று மேடைகளில் ஏசியது தவறு. மாதாமாதம் வருகிற பணத்தில் அடுப்பெரிகிற வீட்டுக்கு அரசியல் என்பது அந்தப் பணம்தான்.

1945-46-ல்தான் பட்டியல்கள் ஒழிந்தன. ஆண், பெண் அனைவருக்கும் ஒரே பட்டியல், ஒரே வாக்கு. 1946 அக்டோபர் 25-ஆம் தேதி ஆணைப்படி 44 உறுப்பினர் கொண்ட பிரதிநிதித்துவ சபை உருவானது. புதுச்சேரிக்கு 22, காரைக்காலுக்கு 12, சந்திரநாகூருக்கு 5, மாஹேக்கு 3, ஏனாமுக்கு 2. டிசம்பர் 15-ல் தேர்தல். வ. சுப்பையா முன்னின்று கட்டிய தேசிய ஜனநாயக முன்னணி 30 இடங்களை வென்றது. 1936 ஜூலை 30-ல் புதுச்சேரி சவானா ஆலையில் தொழிலாளர் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட நாளிலிருந்து உழைக்கும் மக்களின் தலைவராக நின்றவர் சுப்பையா. கம்யூனிஸ்டுகளும் தேசியவாதிகளும் கல்லூரி ஆசிரியர்களும் அந்த முன்னணியில் ஒன்றாக நின்றார்கள்.

ஒன்றாக நின்றது கொஞ்ச காலம்தான். 1947-லேயே முன்னணி உடைந்தது. அதன் தலைவர்களில் ஒருவரான லம்பேர் சரவணே வெளியேறினார். அவரும் எதுவார் குபேரும் சேர்ந்ததில் பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சி பிறந்தது. அது அன்று பிரெஞ்சு நிர்வாகத்தின் பக்கம் சாய்ந்த கட்சி.

இந்தக் குழப்பத்துக்கு நடுவேதான் காரைக்காலில் ஒரு விதை விழுந்தது. அதுவரை ஊரில் இந்தியாவோடு இணைவதைப் பற்றி வாய் திறந்து பேசியவர்கள் மாணவர்கள் மட்டுமே. அவர்களுடைய மாணவர் காங்கிரஸ்தான் இயங்கி வந்தது. 1947 ஜனவரி 31-ல் காரைக்கால் தேசிய காங்கிரஸ் தொடங்கப்பட்டது. தொடங்கிய இடம் லெயோன் சேன் ழான் என்பவரின் வீடு. பெயரைக் கவனியுங்கள். பிரெஞ்சுப் பெயர் தாங்கிய ஒருவரின் வீட்டுக் கூடத்தில்தான் பிரெஞ்சு ஆட்சி வேண்டாம் என்ற இயக்கம் பிறந்தது. இந்தப் பெயருள்ளவர் இந்தப் பக்கம்தான் நிற்பார் என்று மூன்று பட்டியல்கள் கற்பித்த கணக்கு அன்றே பொய்த்தது. அந்த இயக்கத்தை முன்னெடுத்தவர்களில் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். பிற்காலத்தில் 29 வயதில் புதுச்சேரி முதலமைச்சரான காரைக்கால்காரர் ஃபரூக் மரைக்காயர் மாணவப் பருவத்திலேயே விடுதலைப் போராட்டத்தில் இறங்கியவர்.

1947 ஆகஸ்ட் 15-ல் பூவத்துக்கும் வாஞ்சூருக்கும் அப்பால் மூவர்ணக் கொடி ஏறியது. இப்பால் பிரெஞ்சுக் கொடியே பறந்தது.

1948 ஜூனில் டெல்லியும் பாரிஸும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. மக்களே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்பது அதன் சாரம். வங்காளத்துச் சந்திரநாகூர் 1949 ஜூன் 19-ல் வாக்களித்தது: இந்தியாவோடு சேர 7,473, எதிராக 114. மற்ற நான்கு பகுதிகளில் வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. 1948 அக்டோபர் நகரசபைத் தேர்தல் அச்சுறுத்தலும் அடியாட்களுமாக நடந்து, பெரும்பாலான மன்றங்கள் குபேர் கட்சியின் கையில் விழுந்தன. 1951-ல் வந்த நடுநிலைப் பார்வையாளர்களும், சுதந்திரமாக வாக்களிக்கும் சூழல் இங்கே இல்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

அந்த ஆண்டுகளில் காரைக்கால் மனிதன் பட்ட பாடு கட்சி அறிக்கைகளில் வராது. 1941 முதல் இருந்த சுங்க ஒன்றியத்தை இந்தியா 1949 ஏப்ரல் 1-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. அதுவரை கோடு என்று பேருக்கு இருந்தது அன்று முதல் உண்மையான கோடாயிற்று. சாலையில் சுங்கச் சாவடி, ரயிலில் சோதனை. பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு 1898 முதல் ஓடிக்கொண்டிருந்த வண்டியில் ஒரு மூட்டை அரிசியோ ஒரு கட்டுத் துணியோ கொண்டுவருவது வழக்காகிவிட்டது. பொன்னும் வெளிநாட்டுச் சரக்கும் கடத்தியவர்கள் கொழுத்தார்கள். மகளைப் பார்க்கப் பலகாரம் எடுத்துக்கொண்டு மாயவரம் போன தாய் சாவடியில் பையைக் கொட்டிக் காட்டி நின்றாள். சாதி பார்த்து, மதம் பார்த்து, கட்சி பார்த்துச் சாவடி யாரையும் விடவில்லை. எல்லாரும் ஒரே வரிசையில் நின்றார்கள்.

நான் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இணைப்பை மேடைப் பேச்சு மட்டும் சாதித்துவிடவில்லை. பல வகையில் பிரிந்து கிடந்த மக்களுக்கு ஒரே துன்பம் பொதுவாக வந்தது. அந்தத் துன்பத்தைத் தீர்க்க ஒரே வழிதான் இருக்கிறது என்று சேர்ந்து புரிந்துகொண்டார்கள். இந்திய அரசின் நெருக்கடியும் அதில் பெரும்பங்கு வகித்தது. அதை மறைத்து எழுதினால் அது வரலாறாகாது. 1954 வசந்தத்தில் போக்குவரத்துக்கு அனுமதிச் சீட்டு முறை வந்து கட்டுப்பாடுகள் இறுகியபோது சாதாரணக் குடும்பங்கள்தான் முதலில் வாடின.

1954 மார்ச் 18. புதுச்சேரிப் பகுதியின் எட்டு கொம்யூன்களின் மேயர்களும் அமைச்சர்களும், வாக்கெடுப்பே வேண்டாம், உடனே இந்தியாவோடு சேர வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதில் முன்னின்றவர் அதே குபேர். நேற்றுவரை பிரெஞ்சுக்காரர்களின் நம்பிக்கைக்குரியவர். மார்ச் 31-ல் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏற்றப்பட்டது. ஒரு தற்காலிக அரசும் அறிவிக்கப்பட்டது. குபேர் மனம் மாறியதற்கு நாட்டுப்பற்று மட்டும் காரணமில்லை என்று அன்றே பலர் சொன்னார்கள். வழக்குகளின் பயமும் உண்டு என்றார்கள். இருக்கலாம். அடிபட்டவர்களும் சிறைபோனவர்களும் அவரோடு ஒரே மேடையில் நிற்க ஒப்பினார்களே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆண்டுக்கணக்காக அவருடைய ஆட்களால் விரட்டப்பட்ட கம்யூனிஸ்டுகள் அவர்களில் இருந்தார்கள். பழைய கணக்கைத் தீர்த்துவிட்டுத்தான் சேருவோம் என்று நின்றிருந்தால் இணைப்பு நடந்திருக்காது.

வெளியுலகிலும் காற்று திரும்பியது. மே 7-ல் இந்தோசீனாவில் பிரெஞ்சுக்காரர்களின் தியென் பியென் பூ கோட்டை வீழ்ந்தது. சைகோனை நம்பியிருந்த காரைக்கால் வீடுகளுக்கு அந்தச் செய்தி இடிபோல் இறங்கியிருக்கும். ஜூனில் பாரிஸில் பிரதமரான மாந்தேஸ் பிரான்ஸ் இந்தோசீனப் போரை முடித்ததும் இந்தியக் கேள்வியையும் கையிலெடுத்தார். ஏனாம் ஜூன் 13-லும் மாஹே ஜூலை 16-லும் ஏற்கெனவே பிரெஞ்சு நிர்வாகத்தின் கையைவிட்டுப் போயிருந்தன. மிச்சம் புதுச்சேரியும் காரைக்காலும்.

இரு அரசுகளும் பேசி ஒரு வழி கண்டன. அந்த இரு பகுதிகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை உறுப்பினர்களும் நகரசபை உறுப்பினர்களும் ஓரிடத்தில் கூடி முடிவு சொல்ல வேண்டும். இடம், வில்லியனூருக்கு மேற்கே கீழூர் என்ற சிறு கிராமம். நாள், 1954 அக்டோபர் 18. 178 பேர் வாக்களித்தார்கள். ஆதரவு 170, எதிர்ப்பு 8.

அந்த எட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. வெற்றி விழாக்களில் 170 மட்டுமே பேசப்படும். எட்டுப் பேர் ‘இல்லை’ என்று சொல்ல முடிந்தது, அவர்கள் வாக்கும் எண்ணிப் பதிவாயிற்று என்பதும் அந்த நாளின் பெருமையில் சேர்த்தி. எதிர்த்தவரே இல்லாத ஒற்றுமையை நான் நம்புவதில்லை.

அக்டோபர் 21-ல் டெல்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி கைமாறியது. இந்திய அரசின் சார்பில் கேவல் சிங் பொறுப்பேற்றார். 215 ஆண்டுகளுக்குப் பின் காரைக்காலும் தஞ்சையும் ஒரே கொடியின் கீழ் வந்தன.

அதற்குப் பின் நடந்ததையும் அதே அக்கறையோடு படிக்க வேண்டும். சேர்ந்தவர்களைச் சேர்த்துக்கொண்டவர்கள் எப்படி நடத்தினார்கள்? 1956 மே 28-ல் கையெழுத்தான ஒப்படைப்பு உடன்படிக்கையின் இரண்டாவது பிரிவு சொல்வது இது: 1954 நவம்பர் 1-க்கு முன்பிருந்த தனி நிர்வாக நிலை தொடரும், அதில் அரசியல் சட்ட மாற்றம் ஏதும் செய்வதானால் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே செய்யப்படும். பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்க 1962 வரை இழுத்தது. ஆகஸ்ட் 16-ல் நடைமுறைக்கு வந்தது. ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவித்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றும் அதில் இருந்தது.

அந்த ஆறு மாதமும் காரைக்கால் வீடுகளில் இதே பேச்சாகத்தான் ஓடியிருக்கும். அண்ணன் எழுதிக்கொடுத்தார், தம்பி எழுதவில்லை. எழுதிக்கொடுத்தவரின் பிள்ளைகள் இன்று பாரிஸ் புறநகரில். எழுதாதவரின் பிள்ளைகள் நெடுங்காட்டில் நெல் போடுகிறார்கள். இரண்டு பேரும் ஒரே குலதெய்வத்துக்குப் படையல் வைக்கிறார்கள். பிரெஞ்சு அதிபர் தேர்தலுக்குக் காரைக்காலில் இன்றும் வாக்குச்சாவடி வைக்கிறார்கள். போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி இன்னும் இருக்கிறது. கொம்யூன் பஞ்சாயத்து இன்னும் இருக்கிறது. இவற்றால் இந்தியாவுக்கு எந்தக் குறையும் வரவில்லை. இணைந்தவர்கள் தங்கள் பழக்கத்தை, பெயரை, உறவை விட்டுவிட்டு வர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததால்தான் இணைப்பு நிலைத்தது என்பது என் முடிபு.

இதற்குச் சான்று 1979. மொரார்ஜி தேசாய் அரசு, புதுச்சேரியையும் காரைக்காலையும் தமிழ்நாட்டோடும், மாஹேயைக் கேரளத்தோடும், ஏனாமை ஆந்திரத்தோடும் சேர்த்துவிடலாம் என்று பேசத் தொடங்கியது. மொழி ஒன்று, நிலம் ஒன்று, இடையில் எதற்கு எல்லை என்ற கேள்வி டெல்லிக்கு எளிதாகத் தோன்றியிருக்கும். ஜனவரியில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். கட்சி வேறுபாடில்லாமல் எதிர்த்தார்கள். துப்பாக்கிச் சூடும் உயிரிழப்பும் வரை போயிற்று. மத்திய அரசு பின்வாங்கியது. இந்தியாவோடு சேர வேண்டும் என்று போராடிய அதே மக்கள், தங்களைக் கேட்காமல் தங்கள் நிலையை மாற்றாதே என்றும் போராடினார்கள். இரண்டும் ஒரே மனத்தின் இரு குரல்கள். முன்னதை நாட்டுப்பற்று என்றும் பின்னதைப் பிரிவினை என்றும் எழுதுகிறவர்கள் உடன்படிக்கையின் இரண்டாவது பிரிவைப் படித்திருக்க மாட்டார்கள்.

இன்றைய காரைக்காலில் குறைகள் இல்லாமல் இல்லை. சட்டமன்றத்தின் முப்பது தொகுதிகளில் ஐந்துதான் இங்கே. புதுச்சேரி எங்களை மறந்துவிட்டது என்ற குரல் பல காலமாகக் கேட்கிறது. அதில் நியாயம் இருக்கிறது. காவிரியில் புதுச்சேரி மாநிலத்துக்கு 7 டி.எம்.சி. என்று 2007-ல் நடுவர் மன்றம் சொன்னது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கடைமடைக் காரைக்காலுக்கு அந்த நீர் வந்து சேர மேலே உள்ள மாநிலங்கள் இணங்கிப் போக வேண்டும். நாட்டு ஒற்றுமை என்ற பேச்சு இங்கே குறுவைக்கு வாய்க்காலில் தண்ணீர் வருமா என்ற கேள்வியாகத்தான் வந்து நிற்கிறது.

2011 கணக்குப்படி இரண்டு லட்சம் பேர் வாழும் மாவட்டம். அதில் ஏறக்குறைய நாலில் ஒருவர் முஸ்லிம் அல்லது கிறிஸ்தவர். வாக்காளர் பட்டியல் ஒன்றாகி முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆனால் தேர்தல் வரும்போதெல்லாம் அந்தப் பழைய மூன்று பட்டியலை மனத்தில் வைத்து எண்ணுகிற பழக்கம், இங்கே மட்டுமல்ல, நாடெங்கும் திரும்பி வருகிறது. இன்ன சாதி இவ்வளவு, இன்ன மதம் இவ்வளவு என்று. 1947-ல் லெயோன் சேன் ழான் வீட்டில் கூடியவர்கள் அப்படி எண்ணியிருந்தால் இயக்கமே தொடங்கியிருக்காது. அவர்களால் முடிந்தது நம்மாலும் முடியும் என்றுதான் நம்புகிறேன். அந்த நம்பிக்கையில்தான் இந்த அத்தியாயத்தை எழுதினேன்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இணைப்பு நடந்தபோது பத்து வயதாக இருந்தவர்கள் இன்று எண்பதைக் கடந்தவர்கள். புதுச்சேரியின் போராட்டம் பல நூல்களில் பதிவாகியிருக்கிறது. காரைக்காலின் பங்கு அதில் சில பக்கங்களோடு நின்றுவிடுகிறது. உங்கள் வீட்டுப் பெட்டியில் அந்தக் காலத்து அனுமதிச் சீட்டோ, குடியுரிமை குறித்து எழுதிக்கொடுத்த தாளின் நகலோ, கொடியேற்ற நாளின் புகைப்படமோ இருந்தால் பழைய காகிதம் என்று எறிந்துவிடாதீர்கள். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, அவர்கள் சொல்வதைச் சொல்கிறபடியே எழுதி வையுங்கள்.